கோடரிக்காம்பு: படைகள் தோற்பது பற்றியும் ஜெயிப்பது பற்றியும் சில குறிப்புகள்

1

நம் கூட்டங்களில் இரண்டு வாக்கியங்கள் அடிக்கடி காதில் விழுகின்றன. ஒன்று, 'மக்கள் போராட்டத்தை எந்த ராணுவத்தாலும் ஜெயிக்க முடியாது.' மற்றது, 'துரோகத்தால்தான் தோற்றோம்.' முதல் வாக்கியத்தைத் தொடக்கத்திலும் இரண்டாவதை முடிவிலும் வைத்து ஒரே தோழர் ஒரே மேடையில் பேசுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கைதட்டல் இரண்டுக்கும் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றனவே என்று யாரும் எழுந்து கேட்பதில்லை. எந்த ராணுவத்தாலும் அசைக்க முடியாத ஒன்று, எவனோ ஒருவன் கை நீட்டிக் காட்டியதும் சரிந்துவிடுமென்றால், அந்தக் கை எங்கிருந்து வந்தது, அது ஏன் அந்தப் பக்கம் நீண்டது என்பதல்லவா முதலில் பேச வேண்டியது? அதைப் பேசவிடாமல் செய்வதற்காகவே 'துரோகம்' என்ற சொல் நமக்குப் பயன்படுகிறது.

இதை நான் எழுதுவது புதுக்கோட்டையிலிருந்து. பாளையக்காரர் கதை எங்கே பேசப்பட்டாலும் எங்கள் ஊர்ப் பெயர் ஒரு மாதிரியாகத்தான் உச்சரிக்கப்படும். 1799இல் பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து தப்பி வந்த கட்டபொம்மனை, திருக்களம்பூர்க் காட்டுப் பக்கம் பிடித்துக் கும்பினியிடம் ஒப்படைத்தது தொண்டைமானின் ஆட்கள். அந்த ஆண்டு அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்கு. இதற்குள்ளூர் மறுமொழிகள் இரண்டு உண்டு. ஒன்று வெட்கம், மற்றது சாதிப் பெருமையோடு கலந்த சப்பைக்கட்டு. இரண்டிலும் எனக்கு ஆர்வமில்லை. ஒரு பேரரசின் படை ஒரு சின்னப் பாளையத்தைப் பிடிக்க முடியாமல் ஏன் திணறுகிறது, பிறகு எதனால் ஜெயிக்கிறது என்ற கேள்விக்கு இந்த மண்ணின் அனுபவத்தில் ஒரு விடை இருக்கிறது. அதைத்தான் பேசலாமென்று நினைக்கிறேன்.

2

1799 தூக்கோடு விஷயம் முடிந்ததென்று கும்பினி நினைத்தது. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை இடிக்கப்பட்டது. 1801 பிப்ரவரி 2 அன்று ஊமைத்துரையும் கூட்டாளிகளும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து வெளியேறினார்கள். காவலுக்குப் பொறுப்பான அதிகாரிகள் அன்று இரவு விருந்தில் இருந்தார்கள். சில நாட்களில் மேஜர் மெக்காலே படையோடு போய்ப் பார்த்தால், தரைமட்டமாக்கப்பட்ட இடத்தில் கோட்டை எழுந்து நிற்கிறது. மார்ச் 31 அன்று நடந்த தாக்குதல் பெரும் சேதத்தோடு முறியடிக்கப்பட்டது. கர்னல் அக்னியூ தலைமையில் கூடுதல் படையும் பீரங்கிகளும் வந்து சேர்ந்த பிறகே, மே 24 அன்று, அந்த மண்கோட்டை விழுந்தது. அப்போதும் ஊமைத்துரை அகப்படவில்லை.

அவர் எப்படித் தப்பினார் என்பதை எழுதி வைத்திருப்பவர் எதிரிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ். 1830இல் லண்டனில் வெளியான தன் ராணுவ நினைவுக் குறிப்புகளில் இதைச் சொல்கிறார். காயம்பட்டுப் பிணங்களோடு கிடந்த ஊமைத்துரையைப் பெண்கள் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கும்பினிக்குத் துணையாக வந்த எட்டயபுரத்து ஆட்கள் தேடி வரும்போது, அவரைத் துணியால் மூடி ஒப்பாரி வைக்கிறார்கள். என்ன என்று கேட்டால், 'அம்மை போட்டுச் செத்துட்டான்' என்கிற பதில். தேடி வந்தவர்கள் அம்மைக்குப் பயந்து விலகி ஓடுகிறார்கள்.

படைகள் ஏன் தோற்கின்றன என்று ஆயிரம் பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள். இந்த ஒரு சம்பவத்தைப் பிரித்துப் படித்தால் போதுமென்று தோன்றுகிறது. கும்பினியிடம் பீரங்கி இருந்தது, சம்பளப் பட்டாளம் இருந்தது. உள்ளூர் முகங்களை அடையாளம் காட்ட எட்டயபுரத்தாரும் இருந்தார்கள். இல்லாமல் போனது ஒன்றுதான்: துணிக்குக் கீழே இருப்பது யார் என்று அவர்களிடம் சொல்லக்கூடிய ஒரு வாய். ஒப்பாரி, தீட்டு, அம்மை பற்றிய பயம் என்று அந்த ஊரின் அன்றாட வாழ்க்கை முழுவதும் அந்தக் கணத்தில் ஒரு கோட்டைச் சுவராக மாறிவிடுகிறது. அந்தச் சுவரைத் துளைக்கப் பீரங்கியால் ஆகாது.

ராணுவம் என்பது எதிரியைப் பார்த்துச் சுடுவதற்குப் பழக்கப்பட்ட நிறுவனம். சீருடை, அணி, எல்லைக்கோடு எல்லாம் எதிரியைக் கண்ணுக்குத் தெரியும்படி வைத்திருக்கும் ஏற்பாடுகள். கிளர்ச்சிக்காரன் இவற்றைக் கழற்றிப் போட்டுவிட்டு உழுகிறவனாக, விறகு சுமக்கிறவனாக நிற்கும்போது ராணுவத்துக்குக் கண் போய்விடுகிறது. கண் போனவன் என்ன செய்வான்? கைக்குக் கிடைத்தவனை அடிப்பான். வழி கேட்டு ஒருவனை அடித்தால் அவன் பொய் வழி சொல்வான், அவனுடைய தம்பி அன்றிரவே எதிர்ப்பக்கம் போய்ச் சேருவான். இப்படி ராணுவம் தன் எதிரிக்குத் தானே ஆள் பிடித்துக் கொடுக்கிறது. இதோடு கால விஷயமும் இருக்கிறது. படை வெளியூரிலிருந்து வந்தது. அதற்குப் படியும் தீனியும் தினசரிச் செலவு, மழைக்காலம் வேறு எதிரி. கிளர்ச்சிக்காரனோ தன் வீட்டில் இருக்கிறான். படை ஜெயித்தே ஆக வேண்டும். அவனுக்குத் தோற்காமல் இருந்தாலே போதும்.

3

இங்கே பிரதிகளைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். வகுப்பில் கதைப்பாடல் 'நாட்டார் இலக்கியம்' என்ற தலைப்பில் வந்தது, கும்பினி வரலாறு அடுத்த கட்டிடத்தில் இருந்தது. இரண்டும் ஒரே சண்டையைப் பற்றியவை என்ற உணர்வே பாடத்திட்டத்துக்கு இல்லை.

ரணஜித் குஹா 1983இல் எழுதிய 'கிளர்ச்சி அடக்கலின் உரைநடை' என்ற கட்டுரை அடித்தள மக்கள் ஆய்வில் ஈடுபாடுள்ள நம் வாசகர்களுக்குப் பழக்கமானது. கிளர்ச்சி பற்றிய எழுத்தை அவர் மூன்று அடுக்காகப் பிரிக்கிறார். சண்டை நடக்கும்போதே அதிகாரி மேலிடத்துக்கு எழுதும் கடிதம் முதல் அடுக்கு. காலம் கடந்து எழுதப்படும் நினைவுக் குறிப்பும் நிர்வாக வரலாறும் இரண்டாவது. வரலாற்றாசிரியரின் நூல் மூன்றாவது. மூன்றிலுமே கிளர்ச்சி செய்தவனின் பிரக்ஞை காணாமல் போகிறது என்பது அவர் வாதம். அரசாங்கக் கடிதத்தில் அவன் கொள்ளைக்காரன். தேசிய வரலாற்றில் அவன் பின்னால் வரப்போகும் சுதந்திரத்துக்கு முன்கூட்டியே வந்து நிற்கும் தூதன். அவனுக்கென்று ஒரு கணக்கு இருந்திருக்கலாம் என்பதை இரு தரப்பும் ஒத்துக்கொள்வதில்லை.

இந்த வாதத்தைத் தமிழ்ச் சூழலுக்குக் கொண்டுவரும்போது வேடிக்கையான ஒன்று தெரிகிறது. 1959இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படம் கயத்தாறுத் தூக்குமரத்தோடு முடிகிறது. கும்பினிக்கு உண்மையான நெருக்கடியை உண்டாக்கிய 1801 அந்தப் படத்துக்குள் வருவதில்லை. நம் நினைவில் நின்றது வசனம் பேசிய அண்ணன். தம்பியை வெல்ஷ் ஊமை என்றே எழுதுகிறார். ஊமைத்துரை உள்ளங்கையில் சில வைக்கோல் துணுக்குகளை வெள்ளைக்காரப் படையாக அடுக்கி, மறுகையால் அவற்றை வழித்துத் தள்ளி, வாயால் ஒரு சத்தம் எழுப்புவார். அதுதான் தாக்குதலுக்கு உத்தரவு என்று அவர் சொல்கிறார். பேச்சே இல்லாமல் சைகையால் ஒரு படை நடந்திருக்கிறது. சைகை புரிய வேண்டுமானால் கூட இருக்கிறவர்கள் நெருக்கமானவர்களாக இருக்க வேண்டும். மேடைப்பேச்சு அரசியல் வளர்ந்த ஒரு சமூகம் இப்படிப்பட்ட ஒருவரை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? வசனம் பேசியவரை எடுத்துக்கொண்டது.

அந்தப் படமும் அதையொட்டிய மேடைகளும் 'எட்டப்பன்' என்ற ஒரு பாளையக்காரப் பட்டத்தை ஊரெல்லாம் புழங்கும் வசைச்சொல்லாக ஆக்கிவிட்டன. 2004க்குப் பிறகு ஈழத்தில் கருணாவுக்குக் கிடைத்த பெயர்களிலும் இது ஒன்று. பெயர் வைத்தாயிற்று, விளக்கம் முடிந்தது. 'கோடரிக்காம்பு குலத்துக்கு ஈனம்' என்று பழமொழி இருக்கிறது. மரத்தை வெட்டும் கோடரிக்குக் காம்பு அந்த மரத்தின் இனத்திலிருந்தே வருகிறதென்பது பழமொழியின் பாதி. ஈனம் என்பது மறுபாதி. நாம் ஈனத்தைப் பிடித்துக்கொண்டோம். காம்பு எப்படிச் செதுக்கப்படுகிறது என்ற பாதியை விட்டுவிட்டோம்.

4

கோடரி இந்தக் கதையில் நிஜமாகவே வருகிறது. பாஞ்சாலங்குறிச்சி விழுந்த பிறகு ஊமைத்துரை சிவகங்கைச் சீமைக்கு வந்து மருது சகோதரர்களோடு சேர்ந்தார். அவரை ஒப்படைக்க மருதுகள் மறுத்தார்கள். சின்ன மருதுவின் சிறுவயல் ஊரைக் கும்பினிப் படை வந்து சேர்வதற்குள் அவர்களே கொளுத்திவிட்டார்கள். காளையார்கோயிலைச் சுற்றி அடர்ந்த காடு. 1801 ஜூலைக் கடைசியில் அக்னியூவின் ஆட்கள் கோடரியோடு இறங்கி, சிறுவயல் பக்கமிருந்து காட்டுக்குள் பாதை வெட்டத் தொடங்கினார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் வெட்டினார்கள். பகலில் வெட்டிய பாதையில் ஒவ்வொரு அடிக்கும் சண்டை, நோய், ஆள் சேதம். செப்டம்பர் தொடக்கத்தில் அந்த வேலையைக் கைவிட்டுப் படை பின்வாங்கியது.

இத்தனைக்கும் வெல்ஷுக்கு மருதுகள் அந்நியர்கள் இல்லை. 1795 வாக்கில் அவருக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது. அந்த நட்பைப் பற்றி வெல்ஷ் உருக்கமாக எழுதுகிறார். ஆனால் வளரி வீசத் தெரிந்தால் காடு தெரிந்துவிடாது.

பிறகு என்ன நடந்தது? கூடுதல் பீரங்கி வரவில்லை. செப்டம்பரில் கும்பினி படமாத்தூர் கௌரி வல்லபரைச் சிவகங்கையின் உரிமையாளராக அறிவித்தது. அவர் பழைய அரச வம்சத்தோடு உறவுடையவர். மருதுகள் அரண்மனைச் சேர்வைகளாக இருந்து அதிகாரத்தைக் கையில் எடுத்தவர்கள் என்ற மனத்தாங்கல் அந்தச் சீமையில் ஏற்கெனவே இருந்தது. வேலு நாச்சியார் காலத்திலிருந்து உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்த விஷயம் அது. கும்பினி அதை உண்டாக்கவில்லை, ஊதிவிட்டது. அறிவிப்புக்குப் பிறகு நாட்டார்களும் குடிகளும் ஒரு பகுதியினர் மறுபக்கம் சாய்ந்தார்கள். ஒரு மாதம் கோடரியால் திறக்காத காடு, அக்டோபர் 1 அன்று திறந்தது. படையின் ஒரு பிரிவு ரகசியக் காட்டுப் பாதை வழியாகவே உள்ளே வந்தது. அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். நவம்பர் 16 அன்று ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியில். 70க்கும் மேற்பட்டவர்கள், சின்ன மருதுவின் சிறுவயது மகன் துரைச்சாமி உட்பட, 1802இல் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார்கள்.

'கோயிலை இடிப்போம்னு மிரட்டினதாலதான் மருது வெளியே வந்தார்' என்று எங்கள் பக்கம் ஒரு கதை உண்டு. மக்கள் ஏன் இந்தக் கதையை விரும்புகிறார்கள் என்பது புரிகிறது. தோல்விக்குக் காரணம் பக்தி என்றால் உள்ளூரில் யாரும் குற்றவாளி இல்லை. ஆனால் படை உள்ளே வந்த பாதை யாரோ ஒருவருக்குத் தெரிந்த பாதை. அந்த யாரோ ஒருவரைப் பற்றித்தான் நாம் பேச மாட்டோம் என்கிறோம்.

5

தொண்டைமானுக்கு வருவோம். புதுக்கோட்டை 1750களிலேயே, திருச்சி முற்றுகைக் காலத்திலேயே, நவாபுக்கும் கும்பினிக்கும் துணை நின்ற சமஸ்தானம். மேற்கிலும் தெற்கிலும் கிழக்கிலும் இருந்த அண்டை அரசுகளோடு அதற்கு நிலத் தகராறுகள் இருந்தன. கீழாநிலைக்காகத் தஞ்சாவூரோடு பல காலம் இழுபறி. 1803இல் கும்பினி அந்தக் கீழாநிலைக் கோட்டையையும் சேர்ந்த நிலத்தையும் தொண்டைமானுக்குக் கொடுத்தது. சுற்றியிருந்த பாளையங்கள் ஜமீன்களாகச் சுருங்கியபோது புதுக்கோட்டை மட்டும் சமஸ்தானமாக 1948 வரை நீடித்தது. இதை நியாயப்படுத்த நான் சொல்லவில்லை. ஒரு கணக்கு இருந்தது என்கிறேன். 'தமிழ்நாடு' என்ற உணர்வுக்கோ 'இந்தியா' என்ற உணர்வுக்கோ அவர் துரோகம் செய்தாரென்றால், அந்த உணர்வு அன்று அவருக்கு எந்தச் சொல்லில் கிடைத்திருக்கும்?

கிடைக்கும்படி செய்ய ஒரு முயற்சி நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1801 ஜூன் 16 தேதியிட்ட மருதுவின் அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. பாளையம், சீமை என்ற எல்லைகளைத் தாண்டி, எல்லாச் சாதிகளையும் முஸ்லிம்களையும் ஒன்றாக விளித்துப் பேசுகிறது அது. அந்தக் காலத்தில் அப்படி ஒரு 'நாம்' எழுதப்பட்டதே பெரிய விஷயம். ஆனால் ஒரு பிரதியாக அதை வாசிக்கும்போது அழைப்போடு சாபமும் சேர்ந்தே வருவதைக் காணாமலிருக்க முடியாது. சேராதவனுக்கு, வெள்ளையனுக்கு ஊழியம் செய்கிறவனுக்குப் பழியும் நரகமும். ஏன் சேராமல் இருக்கிறாய், உனக்கு எங்களிடம் என்ன குறை என்று கேட்பதற்கு அதில் இடமில்லை. படமாத்தூர்க்காரருக்கு என்ன குறை என்று கேட்கப்பட்டிருந்தால் வரலாறு மாறியிருக்குமா, தெரியாது. கேட்கப்படாத குறையைக் கும்பினி கேட்டது. அது மட்டும் தெரியும்.

எங்கள் பகுதியில் கள்ளர் சாதியின் கதையே இதற்கு ஒரு உரைகல். புதுக்கோட்டையில் அரச மரியாதை. பக்கத்து மதுரைச் சீமையில் அதே சாதிப் பெயர் கொண்டவர்கள் மேல் குற்றப் பரம்பரைச் சட்டம், 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு. கிளர்ச்சிக்காரன், குற்றவாளி, விசுவாசி என்பவை எல்லாம் ஒருவனுடைய குணத்தின் பெயர்கள் இல்லை. அரசோடு அவன் நின்ற இடத்துக்கு அரசு எழுதிய பெயர்கள்.

6

இனி நமக்கு நெருக்கமான, நாம் பேசப் பயப்படுகிற உதாரணம்.

1987 ஜூலை 29 ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்திய அமைதிப்படை ஈழத்துக்குப் போனது. அக்டோபர் 11 நள்ளிரவில் புலிகளின் தலைமையைப் பிடிக்க யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டர்களில் இறக்கப்பட்ட சீக்கிய இலகு காலாட்படையின் 30 பேரில் 29 பேர் செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார். வானொலிப் பேச்சை ஒட்டுக்கேட்டுப் புலிகள் காத்திருந்தார்கள். அடுத்த வாரங்களில் யாழ் நகரைப் படை பிடித்தது. அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் கொல்லப்பட்டார்கள். 1990 மார்ச் 24 அன்று, 1,100க்கும் மேற்பட்ட சிப்பாய்களை இழந்த பிறகு, கடைசிப் பிரிவு கப்பலேறியது. உலகின் பெரிய ராணுவங்களில் ஒன்று தெருப்பெயர் தெரியாமல் தோற்றது. பாஞ்சாலங்குறிச்சி இலக்கணம் அப்படியே பொருந்துகிறது, இல்லையா?

இங்கேயே நிறுத்திக்கொண்டால் முதல் வாக்கியம் நிரூபணமாகிவிடும். 2009 இருக்கிறதே, அதை என்ன செய்வது? 'கருணா காட்டிக்கொடுத்தான்' என்று இரண்டாவது வாக்கியத்துக்குத் தாவிவிடலாம். 2004 மார்ச் பிளவு கிழக்கில் புலிகளின் அனுபவமுள்ள படையை இல்லாமல் ஆக்கியது, 2007 ஜூலைக்குள் கிழக்கு அரசின் கைக்குப் போனது, இவை உண்மை. ஆனால் கேள்விகள் மிச்சமிருக்கின்றன. 1986இல் டெலோ தோழர்கள் தெருவில் கொல்லப்பட்டபோது, அவர்களுடைய குடும்பங்களுக்குத் தெரிந்த வழிகள் எந்தப் பக்கம் போயின? 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து ஏறக்குறைய 75,000 முஸ்லிம்கள் துரத்தப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். ஒரு ஊரின் ஒப்பாரியே கோட்டைச் சுவராக நின்றது என்றேன். அந்தச் சுவரின் கற்களைப் பிடுங்கி எறிந்தவர்கள் யார்?

இதை அப்போதே எழுதியவர்கள் இருந்தார்கள். கோவிந்தனின் 'புதியதோர் உலகம்' 1985இல் வெளிவந்தது. இயக்கத்துக்குள் சித்திரவதைக் கூடம் இருந்ததை, இயக்கத்திலிருந்து தப்பிய ஒருவர் நாவலாக எழுதினார். 'முறிந்த பனை' அமைதிப்படையின் கொடுமையையும் இயக்கங்களின் கொடுமையையும் ஒரே நூலில் பதிவு செய்தது. அதை எழுதியவர்களில் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். பிறகு ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001), தோல்விக்குப் பின் தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' (2016). இவற்றை நாம் எப்படி வாசித்தோம்? எழுதியவர் எந்தப் பக்கம் என்று பார்த்தோம். துரோகி அல்லது தியாகி, வேறு அறை இல்லை. ஒரு போராட்டம் தன் கண்ணை எப்போது இழக்கத் தொடங்கியது என்பதற்கான சாட்சியங்கள் இவை. அரசியல் ஆவணமாகவே மதிக்க வேண்டிய பிரதிகளை விசுவாசப் பரீட்சைக்கு உட்படுத்தியதுதான் நம் விமர்சனம் செய்த வேலை.

இன்னொன்று. 2000த்துக்குள் புலிகள் எல்லைக்கோடு, நீதிமன்றம், வரி, கடற்படை எல்லாம் கொண்ட ஓர் அரசாகியிருந்தார்கள். அரசாக ஆகும் கிளர்ச்சி, கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது. பாதுகாக்க வேண்டிய கோடு உள்ளவனைப் பீரங்கியால் அடிக்க முடியும். வீட்டுக்கொரு பிள்ளையைக் கட்டாயமாகக் கேட்கத் தொடங்கியதும், துணியால் மூடி ஒப்பாரி வைத்த பெண்கள் தங்கள் பிள்ளைகளையே மூடி மறைக்க வேண்டியதாயிற்று. எதனிடமிருந்து மறைத்தார்கள் என்பதைத் தமிழினியின் புத்தகம் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

7

இதனால் அரசு ஜெயித்தது நியாயம் என்றாகிவிடுமா? ஆகாது. அரசு ஜெயிக்கும் விதத்தைப் பார்ப்போம்.

மக்கள் தண்ணீர், போராளி மீன் என்ற மாவோவின் உவமை நம் ஆட்களுக்கு மனப்பாடம். எங்கள் பக்கம் கோடையில் கண்மாய் வற்றும்போது ஊரே ஊத்தாவோடு இறங்கி மீன் பிடிக்கும். அரசுகளும் இதைக் கற்றுக்கொண்டன. மீனைத் துரத்துவது கஷ்டம், தண்ணீரை வடித்துவிடலாம். 1950இல் மலாயாவில் பிரிட்டிஷ் அரசு பிரிக்ஸ் திட்டத்தின்படி ஏறக்குறைய 5 லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, முள்வேலியிட்ட 'புதுக்கிராமங்களில்' அடைத்தது. தமிழ்த் தோட்டத் தொழிலாளரின் லயன்களும் வேலிக்குள் வந்தன. 1966 மார்ச்சில் இந்திய விமானப்படை ஐஸ்வால் மீது குண்டு போட்டது, தன் குடிமக்கள் மேலேயே. அடுத்த ஆண்டு முதல் மிஸோ கிராமங்கள் கொளுத்தப்பட்டு மக்கள் சாலையோரத் தொகுப்புகளுக்கு மாற்றப்பட்டார்கள். அப்படியும் முடியவில்லை. 20 ஆண்டுகள் கழித்து 1986 ஜூன் 30 அன்று லால்டெங்காவோடு ஒப்பந்தம் போட்டு, அவரையே முதலமைச்சராக்கிய பிறகுதான் அமைதி வந்தது. குண்டு சாதிக்காததை, குறை என்ன என்று கேட்டது சாதித்தது.

2009 வன்னியில் கண்மாய் முழுவதுமாக வடிக்கப்பட்டது. 2008 செப்டம்பரில் ஐ.நா. பணியாளர்கள் வெளியேறினார்கள். சாட்சிகள் போன பிறகு, பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடத்திலேயே குண்டு விழுந்தது. அந்தக் கடைசி மாதங்களில் 40,000 வரையிலான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்னது. மிஞ்சியவர்கள், ஏறக்குறைய 2,80,000 பேர், முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். ராணுவம் ஜெயித்தது. எதை ஜெயித்தது? மீனையும் தண்ணீரையும் சேர்த்து இல்லாமலாக்கிய பிறகு கிடைப்பது காய்ந்த கண்மாய். அதை வெற்றி என்று சொல்வதற்கு ஓர் உரைநடை தேவைப்படுகிறது, அதை எழுதிக்கொடுக்கவும் ஆள் இருக்கிறது.

பஸ்தரில் இப்போது நடப்பதும் இதே பாடம்தான். 2010 ஏப்ரல் 6 அன்று தந்தேவாடா காட்டில் ஒரே காலையில் 76 பேரை இழந்தது அரசு. வெளியூர்ப் படை, தெரியாத காடு. ஆதிவாசிகளை ஆதிவாசிகளுக்கு எதிராக ஆயுதம் ஏந்தவைத்த சல்வா ஜுடும் ஏற்பாட்டை உச்சநீதிமன்றம் 2011 ஜூலை 5 அன்று சட்டவிரோதம் என்றது. பெயர் மாறியது, உத்தி மாறவில்லை. சரணடைந்த மாவோயிஸ்டுகளையும் உள்ளூர் இளைஞர்களையும் சேர்த்து அமைத்த மாவட்ட ரிசர்வ் படைதான் 2025 மே 21 அன்று கட்சியின் பொதுச் செயலாளர் பசவராஜு கொல்லப்பட்ட நடவடிக்கையில் முன்னால் நின்றது. காளையார்கோயில் காட்டைத் திறந்த சாவி இன்னும் துருப்பிடிக்கவில்லை. அந்த இளைஞர்களைக் கோடரிக்காம்பு என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். சம்பளமா, பயமா, கட்சி தன் கிராமத்தில் 'ஒற்றன்' என்று சொல்லிக் கொன்ற ஒரு உறவினனின் நினைவா, எது அவர்களை அங்கே கொண்டு நிறுத்தியது என்று கேட்பதுதான் சிரமம்.

8

ஆக, படைகள் தோற்பதற்குக் காரணம் கிளர்ச்சிக்காரனின் வீரம் மட்டுமில்லை, மக்கள் வாய் திறக்காமல் இருப்பது. படைகள் ஜெயிப்பதற்குக் காரணம் துரோகம் மட்டுமில்லை, வாய் திறக்க ஒருவனுக்கு ஏற்கெனவே ஒரு காரணம் இருப்பது. அந்தக் காரணத்தில் பாதியை அரசு பணத்தாலும் அடியாலும் உண்டாக்குகிறது. மறுபாதியைப் பெரும்பாலும் போராட்டமே உண்டாக்கிக் கொடுத்திருக்கிறது. இந்த மறுபாதியைப் பற்றிப் பேசினால் எதிரிக்கு உதவியாகப் போய்விடும் என்கிறார்கள் தோழர்கள். பேசாமல் இருந்த காலத்தில் யாருக்கு உதவியாகப் போனது?

எங்கள் மாவட்டத்தில் தோப்புக்கொல்லையிலும் லேனாவிளக்கிலும் அழியாநிலையிலும் ஈழத்து அகதிகள் பல பத்தாண்டுகளாக முகாம்களில் வாழ்கிறார்கள். நம் கவிஞர்கள் அவர்களை வைத்து எழுதிய கவிதைகளில் அவர்கள் எப்போதும் ஒரே குரலில் அழுகிறார்கள். அந்த முகாம்களில் இருக்கிறவர்கள் ஒரே இயக்கத்தின், ஒரே சாதியின், ஒரே நினைவின் ஆட்கள் இல்லை. எல்லா இயக்கங்களாலும் பிள்ளைகளை இழந்தவர்கள் அவர்களில் இருப்பார்கள். யாரால் இழந்தோம் என்பதை அவர்கள் சொல்ல வேண்டுமானால், கேட்கிறவன் கையில் துரோகி, தியாகி என்ற இரண்டு முத்திரைகளோடு உட்கார்ந்திருக்கக் கூடாது.

அரசுக்கு ஒற்றர் படை இருக்கிறது, குறையை விலை கொடுத்து வாங்கிக்கொள்ளும். எழுதுகிறவர்களிடம் விலை இல்லை, காது இருக்கிறது. அந்தக் காதை இயக்கங்களின் பிரச்சாரப் பிரிவுக்கு வாடகைக்கு விட்டதுதான் கடந்த நாற்பது ஆண்டுகளில் தமிழ் இலக்கியச் சூழல் செய்த அரசியல் காரியம். தொண்டைமான் கும்பினிக்குக் கண் கொடுத்தார் என்று குற்றம்சாட்டுகிற நாம், நம்முடைய காதை யாருக்குக் கொடுத்தோம் என்ற கணக்கையும் எப்போதாவது எழுதியாக வேண்டும்.